இடது குதிகால்

கிள்ளான்
4.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்லம்மா எழுதுகிறேன். இங்கே நானும் மகன் மகேனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகம். என் காது மட்டும் பழையபடிதான். வலது காது முழுக்கப் போய்விட்டது, இடது காதில் யாராவது கத்தினால் கொஞ்சம் விழும். அங்கே குளிர் எப்படி? அண்ணிக்கு முட்டிவலி குறைந்ததா?

காது போனவளுக்குப் பேனாதான் வாய். வாட்ஸப்பில் அனுப்பலாமே என்று மகேன் சொல்கிறான். உங்களிடம் இருப்பது பொத்தான் போன். பக்கத்து வீட்டுப் புனிதன் போனுக்கு அனுப்பினால் நீங்கள் படிப்பதற்குள் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கப் படித்து முடித்திருக்கும். அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு எங்கள் கோயில் மண்டபத்தில் டாக்டர் மோகனா என்ற அம்மா வந்து, தோலில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேசினார். பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் முன் வரிசையில் உட்கார்ந்து திரையில் காட்டிய படங்களைப் பார்த்தேன், தமிழில் கொடுத்த தாளையும் படித்தேன். அது வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நம் நிறத்துக்காரர்களுக்கு அபூர்வம்தான், ஆனால் வருமாம். வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருமாம். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். யாரும் பார்க்காத இடம் என்பதால் முற்றிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்களாம்.

ஒரு படத்தில் ஒரு குதிகால் இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலுக்கு இங்கே வந்தபோது நீங்கள் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்களே, நான் குனிந்து ரசம் ஊற்றும்போது உங்கள் இடது குதிகாலில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. என்ன என்று கேட்டேன். நீங்கள் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு, "அட்டை கடிச்ச கறைலா. நீ ரசத்த ஊத்து," என்றீர்கள். அந்தப் படமும் அதுவும் ஒரே மாதிரி இருக்கின்றன, அண்ணா.

தானா ராத்தா டவுன் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். வெயில் தொப்பியும் வெயிலுக்குப் பூசும் கிரீமும் பார்சலில் வருகின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
செல்லம்மா


மலை
20.2.2024

அன்புத் தங்கை செல்லம்மாவுக்கு,

அண்ணன் பக்கிரிசாமி ஆசீர்வாதம். நானும் உன் அண்ணியும் நலம். ஜெயாவுக்கு முட்டி பரவாயில்லை. மழை வந்தால் மட்டும் முனகுகிறாள். மழை வராத நாள் இங்கே ஏது?

பார்சல் கிடைத்தது. குளிரில் பல் கிட்டிப்போய் நிற்கிறோம், நீ வெயிலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறாய். உன் அண்ணி அதைக் கையில் தடவி மோந்து பார்த்துவிட்டு, சாமி மாடத்துக்குக் கீழே பத்திரமாக வைத்திருக்கிறாள். தொப்பி நன்றாக இருக்கிறது. போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். ஆட்கள் எல்லாரும், "கங்காணி, டூரிஸ்ட்டு மாதிரி இருக்கீங்க" என்று கிண்டல்.

தேயிலைக் கொழுந்து இந்த மாதம் நல்ல வெட்டு. வெட்டுகிற மெஷின் இரண்டு ரிப்பேர். பள்ளி விடுமுறையில் கியா பார்ம் ரோட்டில் கார் நகரவில்லை. ஸ்ட்ராபெரி தின்ன வருகிறவர்களால் நமக்கு ரொட்டி வாங்கப் போகக்கூட வழி இல்லை.

மாரியம்மன் திருவிழாவுக்குக் கமிட்டி கூடியது. இந்த வருடம் வைகாசிக்கு முன்னாலேயே தீமிதி. கரகம் நான்தான் எடுக்க வேண்டும் என்று பூசாரி இராமையா சொல்லிவிட்டார். எடுக்கிறேன் என்று சொன்னேன். மகேனை லோரியை மெதுவாக ஓட்டச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
அண்ணன்


கிள்ளான்
1.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எல்லாரும் சுகம், சின்னவனுக்கு மட்டும் சளி. உங்கள் சுகத்தை எழுதவும்.

மெஷினைப் பற்றி எழுதினீர்கள், ஸ்ட்ராபெரியைப் பற்றி எழுதினீர்கள். காலைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் செவிடுதான், குருடு இல்லையே.

கிரீமை மாடத்தில் வைத்துப் பூசை செய்யாதீர்கள். மலையில் குளிர் இருந்தாலும் வெயில் சூடு தெரியாமலே தோலைப் பொசுக்குமாம், உயரம் கூடக் கூட அதிகமாம், மேகம் மூடினாலும் இறங்குமாம். முகத்துக்கும் கைக்கும் கழுத்துக்கும் பூசுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். ஆனால் உள்ளங்காலில் வருவது வெயிலால் வருவதில்லை என்று தாளில் போட்டிருக்கிறது. எதனால் என்று சரியாகத் தெரியவில்லையாம். அதற்குத் தொப்பியும் கிடையாது, கிரீமும் கிடையாது. பார்ப்பது ஒன்றுதான் வழி.

நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அந்தக் கறுப்பு பொங்கலுக்குப் பிறகு பெரிதாகியிருக்கிறதா? நடுவில் கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா? ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, கோணல்மாணலா? ஒரே நிறமா? அரிக்கிறதா, கசிகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உடனே டாக்டரிடம் போகவேண்டுமாம். சீக்கிரம் வெட்டி எடுத்தால் அத்தோடு போய்விடுமாம். விட்டுவிட்டால் உள்ளே இறங்கி இரத்தத்தில் ஓடுமாம்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நானே பயந்துபோய்த்தான் எழுதுகிறேன். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கை,
செல்லம்மா


மலை
28.3.2024

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம். சின்னவன் சளிக்குத் தூதுவளை கொடு.

கால் நன்றாக இருக்கிறது. அட்டை கடித்த கறைதான். ரிங்லெட்டுக்கு மேலே மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது, அதனால் எங்கும் போகவில்லை. விழா வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்


கிள்ளான்
3.4.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் செல்லம்மா எழுதுவது. முட்டி எப்படி? நான் அனுப்பிய எண்ணெய் கேட்கிறதா?

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். அண்ணனிடம் காட்ட வேண்டாம். அவர் இடது குதிகாலைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். கட்டின மனைவி ஆனாலும் புருஷன் உள்ளங்காலை யார் பார்க்கிறோம்? டாக்டர் கொடுத்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு, எப்படியாவது ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் பார்த்து எழுதுங்கள். ரோடு திறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்று அந்தப் பக்கம் காய்கறி ஏற்றப் போன மகேன் சொல்கிறான்.

உங்கள் பதில் வரும்வரை நான் தபால்காரன் மோட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

செல்லம்மா


மலை
14.4.2024

அன்புச் செல்லம்மாவுக்கு,

அண்ணி ஜெயா புத்தாண்டு வாழ்த்துடன் எழுதுகிறேன். முட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைப் பற்றி நினைக்கவே இப்போது நேரம் இல்லையம்மா.

உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. உன் அண்ணன் வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ் போடுகிறார். குளிருக்கு என்று நினைத்தேன். தன் சாக்ஸைத் தானே துவைத்துக் காயப்போடுகிறார். எனக்கு முட்டிவலி என்று இரக்கப்பட்டுச் செய்கிறார் என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னாலேயே தூங்கிப்போனார். சாக்ஸைக் கழற்றிப் பக்கத்தில் போட்டிருந்தார். ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் பார்த்தேன். பழைய இருபது காசு அகலம் இருக்கிறது, செல்லம்மா. ஒரு பக்கம் மை மாதிரிக் கறுப்பு, மறுபக்கம் பால் ஊற்றாத சாயத் தேத்தண்ணி நிறம். ஓரம் பூச்சி தின்ற இலை மாதிரி இருக்கிறது. நடுவில் கொஞ்சம் ஈரமாக இருந்தது. அவர் முழித்துக்கொண்டார். காலை வெடுக்கென்று இழுத்தார்.

"என்னா பாக்குற?"

"என்னங்க இது? அட்டை கடிச்சா இம்புட்டு அகலமா வரும்?"

சாக்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "போன வருசம் தீ மிதிச்சு ஒரு மாசம் கழிச்சுப் பாத்தேன். அப்ப சின்னதாத்தான் இருந்துச்சு. நீ வெளியில வாயத் தொறந்தே, அவ்ளோதான்."

உனக்குத் தெரியாததா? இங்கே தீயில் இறங்கி யாருக்காவது சுட்டுவிட்டால், விரதத்தில் குறை என்றுதான் பேசுவார்கள். மாமிசம் தின்றான், பெண்டாட்டியோடு படுத்தான் என்று வாய் கூசாமல் சொல்வார்கள். கரகம் எடுக்கிறவர் காலிலேயே சூடு என்றால் விட்டுவைப்பார்களா? அதற்குப் பயந்துதான் ஒரு வருடமாக மறைத்திருக்கிறார்.

கிளினிக்குக்குப் போகலாம் என்றேன். திருவிழா முடியட்டும் என்கிறார். 26ஆம் தேதி காப்புக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் எஸ்டேட் எல்லையைத் தாண்டக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. அதற்கு முன்னால் அழைத்துப்போக என்னால் முடியவில்லை. நான் பேசினால் எழுந்து வெளியே போய்விடுகிறார். நீ எழுதிப் பார். உன் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு.

அன்பு அண்ணி,
ஜெயா


கிள்ளான்
18.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. நலமாக இருக்கிறீர்களா என்பதே கேள்வியாக இருக்கும்போது என்ன விசாரிப்பு?

அண்ணி பார்த்ததை எழுதிவிட்டார்கள். அவர்களைக் கோபிக்காதீர்கள், கேட்டது நான்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். நெருப்பு சுட்டால் மறுநாளே கொப்புளம் வரும், உடையும், ஆறும். தழும்பு நாளாக நாளாகச் சுருங்கும். ஒரு மாதம் கழித்துத் தோன்றி ஒரு வருடமாக வளருமா? அது சுட்டதே இல்லை, அண்ணா. அம்மன் உங்களைச் சுடவில்லை. உங்கள் விரதத்தில் ஒரு குறையும் இல்லை. டாக்டரிடம் போனால் அவரே அதைச் சொல்லுவார். அந்தச் சொல்லைக் கொண்டுவந்து கமிட்டிக்காரர்கள் முன்னால் வையுங்கள்.

காப்புக் கட்ட இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். மகேனை லோரியோடு அனுப்பட்டுமா? நானே வரட்டுமா? அப்பா அம்மா போன பிறகு எனக்கு அந்த மலையில் இருப்பது நீங்கள் ஒருத்தர்தான். என்னைக் கெஞ்ச விடாதீர்கள்.

உங்கள் தங்கை,
செல்லம்மா


மலை
24.4.2024

செல்லம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். யாரையும் அனுப்ப வேண்டாம். நீயும் வரவேண்டாம்.

நீ சொல்வது புரிகிறது. நான் முட்டாள் இல்லை. சூடு என்றால் அம்மனிடம் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். நீ சொல்கிற மாதிரி இருந்தால் நான் யாரிடம் கேட்பது?

நாளை மறுநாள் காப்பு. தீமிதி முடிந்து காப்பு அவிழ்த்த பிறகு போகிறேன். இத்தனை நாள் இருந்தது, இன்னும் பத்து நாளில் என்ன ஆகிவிடும்? இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மலை
8.5.2024

அன்புச் செல்லம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீ பதறக்கூடாது என்று அதை முதலில் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு உடம்பு சுகம்தானே?

ஞாயிற்றுக்கிழமை தீமிதி. காப்புக் கட்டிய நாளிலிருந்து உன் அண்ணன் வெறுங்காலோடுதான் நடந்தார். கல், முள், சேறு எல்லாவற்றிலும். ராத்திரி படுக்கைகூடக் கோயிலில்தான். அதனால் காலில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

மதியம் ஆற்றிலிருந்து கரகம் கிளம்பியது. உறுமி மேளம், கூட்டம், டவுனிலிருந்து வந்தவர்கள் வேறு. லைனில் வீட்டுக்கு வீடு கரகத்தை நிறுத்தி, எடுக்கிறவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவோமே, அதற்கு நானும் குடத்தோடு வாசலில் நின்றேன். என் புருஷன்தான் என்றாலும் அன்றைக்கு அவர் சாமி. எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வலது காலில் ஊற்றினேன். மஞ்சளாக ஓடியது. இடது காலில் ஊற்றினேன். குதிகாலுக்குக் கீழேயிருந்து சிவப்பாக வந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், கல்லோ முள்ளோ குத்தியிருக்கும் என்று. மறுபடியும் சிவப்புதான் வந்தது.

நான் யோசித்துச் செய்தேன் என்று நினைக்காதே. குடத்தை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். கணுக்காலைப் பிடித்துத் தூக்கித் திருப்பினேன். தலையில் கரகம் இருக்கிறது, அவரால் குனிய முடியாது, பார்க்க முடியாது, என்னைத் தள்ளவும் முடியாது. ஒற்றைக் காலில் நின்றார். கரகம் ஆடவில்லை, செல்லம்மா. பூ ஒன்றுகூட உதிரவில்லை.

அது வெடித்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். உறுமி நின்றுவிட்டது. யாரோ ஒரு பெண், "அய்யோ, சுட்ட புண்ணு! போன வருசத்துதுலா!" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை. "சுட்ட புண்ணு இல்ல! இது நோவு. ஒரு வருசமா வளருது. இவரு விரதத்துல ஒரு கொறையும் கெடையாது. கூடப் படுக்கிறவ நான், எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். நாலைந்து பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த நேரத்திலும் அவர்களுக்குச் சிரிப்பு. "இந்தக் காலோட இவர நெருப்புல எறங்க விடமாட்டேன். எறங்குனா என்ன மிதிச்சிட்டு எறங்கட்டும்," என்றேன்.

பூசாரி இராமையா வந்து குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பக்கிரி, கரகத்த எறக்கிருவோம்," என்று மட்டும் சொன்னார். அவரே இறக்கிப் பக்கத்து வீட்டுப் புனிதன் தலையில் வைத்தார். அவனும் காப்புக் கட்டியவன்தான். ஊர்வலம் போய்விட்டது. உன் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தார். தீ மிதிக்கும் இடத்திலிருந்து கூட்டம் சத்தம் போட்டபோதும் தலையைத் தூக்கவில்லை.

நேற்றுக் காப்பு அவிழ்த்தார்கள். இன்று காலை கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் பார்த்த உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்கும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமானாலும் தானே எழுந்து போய் மொண்டு குடிக்கிறார். பேசாவிட்டால் போகட்டும். ஆள் இருந்தால் போதும்.

அண்ணி,
ஜெயா


கிள்ளான்
16.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மருமகள் பயந்துவிட்டாள்.

நான் எழுதி எழுதி உங்கள் வீட்டில் சண்டை மூட்டிவிட்டேனோ என்று இருக்கிறது. இந்த வயதில் இரண்டு பேரும் பேசாமல் ஒரு வீட்டில் இருப்பது என்றால் அது என்ன வாழ்க்கை? ஆனாலும் நீங்கள் செய்ததை நான் செய்திருக்க மாட்டேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. தூரத்தில் இருந்துகொண்டு பேனா பிடிப்பது சுலபம்.

ஈப்போ போகும் நாளை எழுதுங்கள். மகேன் வருவான். அண்ணனுக்கு நான் தனியாக எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

செல்லம்மா


ஈப்போ
30.6.2024

அன்புச் செல்லம்மாவுக்கு,

உன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் மகேன் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். தங்கமான பிள்ளை. அவன் வந்து சொல்லியிருப்பான், இருந்தாலும் எழுதுகிறேன்.

சதையைக் கொஞ்சம் வெட்டிச் சோதித்ததில் நீ சொன்னதேதான் என்று வந்துவிட்டது. மெலனோமா என்று அதற்குப் பெயராம். போன வாரம் குதிகாலில் அகலமாக வெட்டி எடுத்துவிட்டு, தொடைத் தோலை எடுத்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். தொடை இடுக்கில் நெறிகட்டுகிற இடத்திலும் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் இருந்தால் பரவிவிட்டது என்று அர்த்தமாம். முடிவு வரப் பல நாள் ஆகும் என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் டாக்டர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் குட்மார்னிங் சொன்னால்கூட முடிவு வந்ததா என்று கேட்டுவிடுகிறேன்.

உன் அண்ணன் டாக்டரிடம் பேசுகிறார். நர்ஸிடம் பேசுகிறார். பக்கத்துக் கட்டிலில் திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சீனர் ஒருவர் இருக்கிறார், அவரோடு மலாயில் முட்டைக்கோஸ் விலையைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். நான் போய் நின்றால் போர்வையைச் சரிசெய்கிறார்.

பூசாரி இராமையா பஸ் பிடித்துப் பார்க்க வந்தார். லைனில் சிலர் இன்னும் விரதக் குறை என்றுதான் பேசுகிறார்களாம். "பேசட்டும். ஒத்தக் கால்ல நின்னு கரகம் விழலயே, அவனவன் நின்னு காட்டட்டும்," என்றார். உன் அண்ணன் அதைக் கேட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கிளம்பும்போது வராந்தாவுக்கு என்னைக் கூப்பிட்டு, சிலிப்பரைக் கழற்றிவிட்டு, "ஜெயாம்மா, என் காலயும் கொஞ்சம் பாத்துடேன்," என்றார். வெடிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. சந்தோஷமாகப் போனார்.

கட்டுப் பிரித்துக் கழுவ நர்ஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்குப் போனால் தினமும் நான்தான் செய்யவேண்டும். அவர் அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாமியை வேண்டிக்கொள்.

அண்ணி,
ஜெயா


மலை
4.8.2024

அன்புத் தங்கை செல்லம்மாவுக்கு,

அண்ணன் பக்கிரிசாமி ஆசீர்வாதம். நான் நலம். நீயும் மகேனும் மருமகளும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நெடுநாளாக உனக்கு எழுதவில்லை. கோபம் இல்லை. கை வரவில்லை.

சோதனை முடிவு வந்துவிட்டது. தொடை இடுக்கில் எடுத்ததில் ஒன்றும் இல்லை. குதிகாலிலும் ஆழமாக இறங்கவில்லை, ஓரம் வரைக்கும் சுத்தமாக எடுத்துவிட்டோம் என்கிறார்கள். அடுத்த வருடத் திருவிழா முடிந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியானால் இந்நேரம் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருப்போம் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். மறுபடி வரவும் கூடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும்.

இனி மலை ஏற முடியாது. மேனேஜர் தொழிற்சாலையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார். வருகிற வருடமும் கரகம் புனிதன்தான். நல்ல பையன், கழுத்துதான் கொஞ்சம் ஆடுகிறது.

நீயும் காலைப் பார்த்துக்கொள். ஒரே இரத்தம் என்பதால் உனக்கும் கவனம் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தனியாகப் பார்க்க முடியாவிட்டால் மருமகளைப் பார்க்கச் சொல். வெட்கப்படாதே.

அன்புடன்,
அண்ணன்


செல்லம்மா, அண்ணி எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், அடியில் இடம் இருந்தது. எல்லாம் எழுதியிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை, பார்த்தாயா? அதனால் நான் எழுதிவிடுகிறேன்.

இன்று காலை வழக்கம்போலக் கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவினேன். நன்றாக ஆறி வருகிறது. துணி சுற்றி முடித்து எழுந்திருக்கப் போனேன். அவர் வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"இதயும் பாத்துடு, ஜெயா," என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். எனக்குக் கண் மறைத்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு பார்த்தேன். குதிகால், நடுப்பாதம், ஒவ்வொரு விரல் இடுக்கு, நகம் எல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லங்க," என்றேன்.

காலை எடுக்கவில்லை. "நல்லாப் பாத்துச் சொல்லுலா," என்றார்.